வழிக்கயிற்று ரீலை எங்கே வைப்பது: மார்பிலா, பின்னாலா, தொடைப் பையிலா?

மூன்று வாரங்களாக, பண்டாரவளையில் எங்கள் தோட்டத்து எல்லையிலுள்ள டர்பன்டைன் தோப்பில் நானும் சித்தப்பா மகனும் மரத்துக்கு மரம் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறோம். அவன் முதுகில் இரண்டு வெற்றுச் சிலிண்டர்கள், இடுப்பில் பட்டி, கண்ணில் கறுப்புத் துணி. ஒரு கை கயிற்றை விடாமல் பிடித்திருக்க, மறுகை ஸ்பூலை, அதாவது கயிறு சுற்றிய சிறு உருளையை, தேடுகிறது. கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் அவன் குகைச் சுழியோட்டப் பயிற்சிக்காக மெக்சிக்கோ போகிறான். அதற்குள் அவன் முடிவுசெய்ய வேண்டியவற்றுள் பார்வைக்கு மிகச் சிறியது, என் கணக்கில் மிகப் பெரியது ஒன்று இருக்கிறது. வழிக்கயிறு சுற்றிய ரீலையும் ஸ்பூல்களையும் உடம்பில் எந்த இடத்தில் வைத்துக்கொண்டு நீருக்குள் போவது?

நீர் நிறைந்த குகை நம் மலைகளில் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். எல்ல நகரத்து இராவணன் குகைக்குக் கால்நடையாகவே ஏறிப் போகிறோம். வெலிமடைப் பக்கத்து இஸ்திரிபுரக் குகையின் உள்ளே தண்ணீர் நிற்கிறது. பயிற்சி இல்லாமல் அதில் இறங்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நம் மலைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகள். மெக்சிக்கோவின் யுகட்டானைப் போல நீரில் கரையும் சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கின்றன அல்லவா, மெக்சிக்கோவில் செனோட்டே எனப்படும் நீர் நிறைந்த இயற்கைக் கிணறுகளிலும் கடலோரப் பக்கம் அப்படித்தான். ஆனால் கைப்பழக்கத்துக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. குகைச் சுழியோட்டம் கற்பிக்கிற ஆசிரியர்கள் முதல் நாளில் மாணவர்களைத் தரையில் மரங்களுக்கிடையேதான் கயிறு கட்டவைக்கிறார்கள். மரங்கள் இங்கே வேண்டிய மட்டும் இருக்கின்றன.

கடலில் ஏதாவது பிழையாகிப்போனால் மேலே போகலாம். குகையில் மேலே பாறை. உள்ளே நுழைந்த வாயில்தான் ஒரே வழி, அந்த வழியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியும் என்று நம்பக் கூடாது. காலில் மாட்டிய துடுப்பு ஒரு தடவை தரையைத் தொட்டால் எழும்புகிற சேறு, எவ்வளவு நல்ல டோர்ச் வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அதனால்தான் திறந்த நீரிலிருந்து உள்ளே போகும் இடம்வரை அறாத ஒரு கயிறு வேண்டும். புளோரிடாவில் ஷெக் எக்ஸ்லி என்ற குகைச் சுழியோடி 1970களில் குகை மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்பக் கண்ட காரணங்களில் இந்தத் தொடர்கயிறு இல்லாமையும் ஒன்று. உள்ளே போக காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவிடாதே, மூன்று விளக்குகள் கொண்டுபோ என்பவற்றோடு சேர்த்து அது இன்றைக்கும் அடிப்படை விதியாக நிற்கிறது.

கொண்டுபோவது ஒரே ஒரு கயிறல்ல. வாயிலிருந்து குகைக்குள் நிரந்தரமாகக் கட்டியிருக்கும் முதன்மைக் கயிறுவரை இழுத்துக் கட்டுவதற்கு ஒரு பெரிய ரீல். அதில் ஏறத்தாழ 120 மீற்றர் இருக்கும். முதன்மைக் கயிற்றிலிருந்து பக்கச் சுரங்கத்துக்குத் தாவுவதற்குத் தாவல் ஸ்பூல்; 15 முதல் 30 மீற்றர் போதும். இவை தவிர, ஆளுக்கு ஒரு பாதுகாப்பு ஸ்பூல். ஏறத்தாழ 45 மீற்றர். எல்லாவற்றிலும் இருப்பது பின்னிய நைலோன் கயிறு. நைலோன் நீரில் தாழும். பொலிப்புரொப்பிலீன் மிதந்து கூரையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் அது இந்த வேலைக்கு ஆகாது. தூரத்தைக் கையால் எண்ணுவதற்காக மூன்று மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுவார்கள்.

இவற்றுள் பெரிய ரீலுக்கும் தாவல் ஸ்பூலுக்கும் ஒரு சலுகை உண்டு. அவற்றை எடுக்கும்போது வெளிச்சம் இருக்கும், மனம் நிதானமாக இருக்கும், எடுக்கப்போவது முன்கூட்டியே தெரியும். பாதுகாப்பு ஸ்பூலுக்கு அந்தச் சலுகை இல்லை. முதன்மைக் கயிறு கையை விட்டுப் போய்விட்டால் அருகிலுள்ள பாறையில் கட்டித் துழாவித் தேடுவதற்கும், துணையாளைக் காணவில்லையென்றால் முதன்மைக் கயிற்றில் முடிந்துகொண்டு தேடப் போவதற்கும், அறுந்த கயிற்றை ஒட்டவைப்பதற்கும் அதுதான். மூன்றுமே பெரும்பாலும் இருளில், நெஞ்சு படபடக்கும்போது நடப்பவை. எனவே எந்த இடத்தையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: கண் தெரியாமல், விறைத்த விரல்களால், ஒற்றைக் கையால் எடுக்க வருமா? மாட்டுவது எவ்வளவு எளிது என்பதைப் பலர் பார்க்கிறார்கள். மாட்டுவது கரையில், துணையாளின் உதவியோடு நடக்கிறது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மார்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதியவர்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். தோள்பட்டியில் இருக்கிற டி வளையத்தில் ஸ்பூலை மாட்டினால் அது கண்ணுக்குத் தெரியும், இரண்டு கைக்கும் எட்டும். கடைக் கண்ணாடியின் முன் நின்று பார்க்கும்போது அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் குகையில் நாம் நிற்பதில்லை. குப்புறப் படுத்தபடி நீந்துகிறோம். மார்பில் மாட்டியது அப்போது தொங்கட்டானாகக் கீழே தொங்கும். தரையில் இழுபட்டுச் சேற்றைக் கிளப்பும். மெக்சிக்கோவிலோ, குகைகள் உலர்ந்திருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண்களை உடைக்கும். உடைந்தது திரும்ப வளராது. அதே வளையத்தில் நீண்ட காற்றுக்குழாயின் கொக்கியும் மாற்று விளக்கும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் பயிற்சி எடுத்தபோது பாதுகாப்பு ஸ்பூல் என் வலது மார்பு வளையத்தில் இருந்தது. மாலைதீவில் எட்டு ஆண்டுகள் சுழியோடிகளுக்கு வழிகாட்டிய எனக்கு அது பழகிய இடம். நான்காம் நாள், விளக்குகளை அணைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து வெளியேறும் பயிற்சி. கொஞ்ச தூரம் போனதும் யாரோ மார்பைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல இருந்தது. துணையாள்தான் நிறுத்தச் சொல்லி இழுக்கிறார் என்று நினைத்து நின்றேன். அவர் என் காலைத் தொட்டு, போ என்று முன்னே தள்ளினார். போனேன், மறுபடியும் இழுப்பு. ஸ்பூலுக்கும் கொக்கிக்கும் இடையிலுள்ள சந்தில் முதன்மைக் கயிறு நுழைந்து சிக்கியிருந்தது. உயிரைக் காக்க வேண்டிய பொருள் என்னைக் கட்டிப்போட்டிருந்தது. இருளில் விரலால் தடவித் தடவி அதை விடுவிக்க எடுத்த நேரம், பயிற்சியாக இருந்ததால் மட்டுமே எனக்கு இருந்தது. அன்றிலிருந்து மார்பில் நான் எந்தச் சுருளையும் மாட்டுவதில்லை. தம்பிக்கும் இதில் நான் தெரிவு கொடுக்கவில்லை.

இடுப்பின் இடப்பக்க வளையத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானியின் கொக்கி அங்கே இருக்கிறது. மேலதிக சிலிண்டர் கொண்டுபோனால் அதன் வாலும் அங்கேதான். நெரிசலான இடம்.

பின்வளையம் வேறு கதை. காலிடுக்கு வழியாக வரும் பட்டியில், இடுப்புக்குப் பின்னால் தைத்திருக்கிற வளையம் அது. அங்கே மாட்டிய ரீல் புட்டத்துக்கும் சிலிண்டர்களின் அடிப்பாகத்துக்கும் கீழே நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். புளோரிடாவின் ஜின்னி ஊற்றைப் போல எதிரே ஆறாகத் தண்ணீர் அடிக்கிற இடத்தில், முன்னால் தொங்குகிற ஒவ்வொரு பொருளும் நீரை எதிர்த்து இழுத்து, நம் சிலிண்டர் காற்றைத் தின்னும். பின்னால் ஒதுங்கியது தின்னாது. பெரிய ரீலுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால், அங்கே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கொக்கி சரியாகப் பூட்டாமல் ரீல் விழுந்தாலும் தெரியாது. இரண்டு மூன்றை ஒரே வளையத்தில் மாட்டினால், வேண்டியது எப்போதும் அடியில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை பழகுமா என்று தம்பி கேட்டான். அவனுக்கு எங்கள் அம்மாவைக் காட்டினேன். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கூடையின் பட்டியைத் தலையில் போட்டு முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையும் நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் எறிவார். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கொழுந்து கீழே விழுந்ததுமில்லை. கூடை ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் இருந்ததால்தான் கைக்கு அது தெரிந்தது. இன்றைக்கு மார்பில், நாளைக்கு இடுப்பில் என்று மாற்றி மாற்றி வைப்பவர்களின் கைக்கு எந்த இடமும் தெரியாது. தம்பி பின்வளையத்தில் முதல் வாரம் தடுமாறினான். இரண்டாம் வாரத்தில் ரீலைக் கழற்றவும் மீண்டும் மாட்டவும் அவனுக்கு வந்துவிட்டது. மாட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்தோம். அந்த இழுவை இல்லாமல் கையை எடுக்கக் கூடாது.

ஆனாலும் பாதுகாப்பு ஸ்பூலைப் பின்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. புத்தம் புதிய கை, குளிர்ந்த காலை, கம்பளிக் கையுறை என்று வேண்டுமென்றே கடினமாக்கிப் பார்த்தோம். சனவரிக் காலையில் பண்டாரவளைக் குழாய்த் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு வந்தால் விரல் நுனி மரத்துப்போகும். புளோரிடா ஊற்றுகளின் 22 பாகை நீரில் இரண்டு மணி நேரம் கிடந்த விரலும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த விரலோடு முதுகுக்குப் பின்னால் கொக்கியின் சிறு குமிழைத் தேடுவது ஒவ்வொரு தடவையும் நிச்சயமாக முடிகிற காரியமல்ல. பெரிய ரீலுக்கு அது பரவாயில்லை. மற்றதற்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

தொடைப் பைக்கு வருவோம். வெட்சூட் என்ற சுழியோட்ட உடைக்கு மேலே போடுகிற, இரண்டு பக்கமும் பெரிய பை வைத்த காற்சட்டை கிடைக்கிறது. பைக்குள் இருப்பது எங்கும் தொங்காது, எதிலும் சிக்காது, கயிறு தானாகக் குலையாது. இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பை என்றால் நாம் எதையும் போடுவோம்: மாற்று முகமூடி, நீரில் எழுதும் குறிப்பேடு, வெளியேறும் திசையைக் காட்டக் கயிற்றில் மாட்டும் அம்புக் குறிகள், அதோடு ஸ்பூலும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வெளியே வரும். இருளில் விழுந்தது போனதுதான். மற்றது, உள்ளே கட்டிவைக்கும் இலாஸ்டிக் வளையத்தின் நீளம். குட்டையாக இருந்தால் கொக்கியைப் பைக்குள்ளேயே தடவிக் கழற்ற வேண்டும். ஸ்பூல் முழுதாக வெளியே வந்து உள்ளங்கையில் நிற்கும் அளவுக்கு நீளமாக இருந்தால், பிறகு ஆறுதலாகக் கழற்றலாம். நழுவினாலும் வளையம் பிடித்துக்கொள்ளும். பண்டாரவளைத் தையற்காரர் ஒருவர் பையின் அடியில் பட்டித் துணியால் தடித்த காது வைத்துத் தைத்துக் கொடுத்தார். இரண்டு தடவை பிரித்துத் தைத்த பிறகுதான் நீளம் சரியாக வந்தது. அந்த அலைச்சலுக்கு நான் சிறிதும் வருந்தவில்லை.

எந்தத் தொடை என்பதையும் யோசித்தோம். ரீலையும் விளக்கையும் பொதுவாக இடக்கையில் சேர்த்துப் பிடிப்போம், வலக்கை கயிற்றைக் கட்டவும் திருத்தவும் ஓய்வாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதனால் பாதுகாப்பு ஸ்பூல் வலத் தொடையில். ஆனால் வெளியேறும்போது குகைக் கயிறு நம் வலப்பக்கமாக வந்தால் வலக்கை அதை விட முடியாது. இடக்கை உடம்பைக் கடந்து வலப் பைக்குப் போக வேண்டும். இதைச் செய்துபார்க்காமல் யாரும் நீரில் இறங்கக் கூடாது. தம்பிக்கு எட்டுகிறது, ஆனால் முழங்காலை மடித்துத் தொடையை மேலே கொண்டுவந்தால்தான் எட்டுகிறது. அந்த மடிப்பையும் சேர்த்தே பழகுகிறான்.

சிலிண்டர்களை முதுகில் சுமக்காமல் இரு பக்கமும் கட்டிப் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும். மெக்சிக்கோவின் தாழ்ந்த சுரங்கங்களில் அப்படிப் போகிறவர்கள் பலர். சாக் அக்துன் குகைத்தொகுதி 2018இல் தோஸ் ஓஹோஸ் என்ற இன்னொரு குகைத்தொகுதியோடு இணைந்தது கண்டறியப்பட்டபோது 347 கிலோமீற்றர் நீளம் என்று அறிவித்தார்கள். அதில் நிமிர்ந்து போகக்கூடிய கூடங்களும் உண்டு, வயிறு தேய்கிற இடுக்குகளும் உண்டு. அவர்களுக்குப் பின்வளையத்தின் மேல் கூரையாக நிற்கச் சிலிண்டர் இல்லை. அங்கே மாட்டிய ரீல் பாறைக் கூரையில் உரசும். ஆகவே பின்னால் ஒரு சிறு பை வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கக் கொக்கியைக் கழற்றினால் பை இடுப்பைச் சுற்றி முன்னால் வரும். திறந்து, பார்த்து எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழற்று, முன்னே கொண்டுவா, திற, எடு, மூடு, திருப்பி மாட்டு என்று வேலைகள் கூடுகின்றன. தாவல் ஸ்பூலுக்கு அது பொருந்தும். பாதுகாப்பு ஸ்பூல் அவர்களுக்கும் தொடையில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ரீலா ஸ்பூலா என்பது தனி விவாதம்போலத் தோன்றினாலும் இடத்தோடு ஒட்டியதுதான். ரீலில் பிடி, அச்சு, இறுக்கும் திருகு எல்லாம் இருக்கின்றன. 120 மீற்றரைத் திரும்பச் சுற்ற அது வேண்டும், ஆனால் தொடைப் பையில் அடங்காது. கயிறு தளர்ந்தால் அச்சுக்குள் புகுந்து இறுகிக்கொள்ளும். ஸ்பூலில் அசையும் பாகமே இல்லை, எனவே இறுகவும் ஒன்றுமில்லை. கையால் சுற்றுவது மெதுவான வேலைதான். 45 மீற்றருக்கு அந்த மெதுவைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஸ்பூலோடு வருகிற இருமுனைக் கொக்கியில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு முனை ஸ்பூலின் துளையிலும் கயிற்றின் கடைசிக் கண்ணியிலும், மறுமுனை நம் வளையத்திலும் இருக்கும். இருளில் தவறான முனையைத் திறந்தால் கொக்கி உடம்பில் நிற்க, ஸ்பூல் மட்டும் விழுந்து உருண்டு அவிழும். தம்பிக்கு மரங்களுக்கிடையே இது இரண்டு தடவை நடந்தது. பழைய சைக்கிள் டியூபில் மெல்லிய வளையம் வெட்டி, உடம்பை நோக்கிய முனையின் கழுத்தில் போட்டோம். இப்போது ரப்பர் விரலில் பட்டால் திறக்கலாம். உலோகம் மட்டும் பட்டால் திறக்கக் கூடாது. இன்னொரு அகலமான டியூப் துண்டு, பைக்குள் கயிறு தளராதபடி ஸ்பூலைச் சுற்றி நிற்கிறது.

எனவே இரட்டைச் சிலிண்டரோடு போகிற தம்பிக்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. பெரிய ரீல் பின்வளையத்தில், அதனோடு வேறு எதுவும் இல்லை. பாதுகாப்பு ஸ்பூல் வலப் பையில், அதுவும் தனியாக. தாவல் ஸ்பூலும் அம்புக் குறிகளும் குறிப்பேடும் இடப் பையில். மாற்று முகமூடியை வலப் பையில் போடலாமே, இடம் இருக்கிறதே என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இடம் இருப்பது எனக்கும் தெரிகிறது. அந்த வெற்றிடம்தான் அந்தப் பையின் பயன். கை உள்ளே போனால் தொடுகிற முதல் பொருளும் கடைசிப் பொருளும் ஸ்பூலாகவே இருக்க வேண்டும்.

இதைத் தண்ணீரில் சரிபார்க்கத் திருகோணமலைக்குப் போகிறோம். நிலாவெளிப் பக்கம் ஆழமற்ற இடத்தில், முகமூடியின் கண்ணாடியை உள்ளிருந்து மறைத்துக்கொண்டு, மணலில் கயிறு கட்டிப் பழகப்போகிறோம். நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சுழியோடிய அன்றே மலையேறி வராதீர்கள். பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம். உடம்பில் தங்கிய நைதரசனுக்கு அது விமானத்தில் ஏறுவதைப் போன்றதே. பல தடவை இறங்கியவர்கள் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதே காத்திருப்பை மலைப் பஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கயிற்றை முழுவதும் அவிழ்த்து, நன்னீரில் அலசி, காற்றில் உலர்த்த வேண்டும். எங்கள் பக்கத்து மூட்டத்தில் ஈரத்தோடு சுற்றி வைத்த நைலோன் பூஞ்சை பிடித்து நாறும். அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள், சூடு அதைக் கெடுக்கும். அவிழ்த்த கயிற்றை விரலுக்கிடையே உருவிப் பார்க்கும்போதுதான் பாறையில் தேய்ந்த இடமும் கழன்ற முடிச்சும் தெரியவரும்.

மெக்சிக்கோவில் ஆசிரியர் வேறு இடம் சொன்னால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். அவர் சொல்வதையே கேள் என்றேன். ஒரு குழுவில் எல்லோருடைய ஸ்பூலும் ஒரே இடத்தில் இருந்தால்தான், நீ மயங்கிக் கிடந்தாலும் உன் துணையாளின் கை உன் பைக்குத் தானாக வரும். நேற்று மாலை துணியை என் கண்ணில் கட்டிக்கொண்டேன். அவன் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நிற்க, அவன் தோளிலிருந்து தடவி இறங்கி, வலத் தொடைப் பையைத் திறந்து, ரப்பர் வளையத்தை விரலால் கண்டு ஸ்பூலைக் கழற்றி எடுத்தேன். மூடுபனி இறங்கும்வரை இருவரும் மாறி மாறி அதையே செய்துகொண்டிருந்தோம்.